வானத்துக்குப் பாதை போடுவது யார்?

2014-ம் ஆண்டு ஜூலை 17-ம் தேதி. உக்ரைனில் அப்போது மாலை நான்கு மணி ஆக இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குப் போய்க்கொண்டிருந்த மலேசியா ஏர்லைன்ஸ் விமானம் எம்ஹெச்17-ஐ, தரையிலிருந்த கட்டுப்பாட்டு அதிகாரி ரேடியோவில் அழைத்துக் கேட்டார். "35,000 அடிக்கு ஏற முடியுமா?" 33,000 அடி உயரத்தில் அதே பக்கம் இன்னொரு விமானமும் வந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் இடைவெளி வேண்டும். 'இப்போது முடியாது, 33,000-லேயே இருக்கிறோம்' என்று விமானிகள் பதில் சொன்னார்கள். சரி என்று மற்ற விமானத்தை மேலே ஏற்றிவிட்டார் அதிகாரி.

கொஞ்ச நேரத்தில் எதிரே மேகக்கூட்டம் தெரிந்தது. இடதுபுறம் 20 கடல் மைல் வரை விலகிப் போக அனுமதி கேட்டார்கள். கிடைத்தது. 34,000 அடி காலியாக இருக்கிறதா என்று கேட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள், 33,000-லேயே இருங்கள் என்றது தரை. வழக்கமாக ஒரு விமானத்துக்கும் தரைக்கும் இடையே நடக்கிற சாதாரண உரையாடல்தான். அடுத்து எந்தப் புள்ளியை நோக்கிப் போக வேண்டும் என்று சொன்னதற்கு விமானிகள் கடைசியாகப் பதில் தந்தது 4 மணி 19 நிமிடம் 56 விநாடிக்கு. ஏழு விநாடிகள் கழித்து கறுப்புப் பெட்டியில் பதிவு நின்றுபோனது.

283 பயணிகள், 15 சிப்பந்திகள், ஆக மொத்தம் 298 பேர். அவர்களில் 80 பேர் குழந்தைகள். பயணிகளில் பெரும்பாலானவர்கள் கோடை விடுமுறைக்குக் கிளம்பிய நெதர்லாந்துக்காரர்கள். ஊர் திரும்பிக்கொண்டிருந்த மலேசியக் குடும்பங்களும் இருந்தன. கிழக்கு உக்ரைனில் தரையிலிருந்து ஏவப்பட்ட 'புக்' ரக ஏவுகணை, விமானி அறைக்கு இடது மேல்புறத்தில் வெடித்திருக்கிறது. 35,000 அடிக்கு ஏறியிருந்தால் தப்பியிருக்குமா என்று அப்போது பலர் கேட்டார்கள். தப்பியிருக்காது. அந்த ஏவுகணை எட்டும் உயரம், பயணிகள் விமானம் பறக்கும் உயரத்தைப்போல இரண்டு மடங்கு.

ஆனால், இன்னொரு கேள்வி இருக்கிறது. போர் நடந்துகொண்டிருந்த ஊருக்கு மேலே அந்த விமானத்துக்கு என்ன வேலை?

வழி தவறிப் போனதா என்றால், இல்லை. எல்980 என்ற பெயருள்ள, ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைக்கும் பரபரப்பான வான்சாலையில்தான் அது போய்க்கொண்டிருந்தது. விமானத் திட்டம் முறைப்படி தாக்கலாகி, ஒப்புதலும் வாங்கியிருந்தது. அன்றைக்கு அந்த வான்வெளி மூடப்படுவதற்கு முன் 160 பயணிகள் விமானங்கள் கிழக்கு உக்ரைனைக் கடந்திருந்தன. ஏவுகணை வெடித்த நேரத்தில் அந்தப் பகுதியில் வேறு மூன்று விமானங்கள் இருந்தன. ஒன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஒன்று தைவானின் ஈவா ஏர். மூன்றாவது, டெல்லியிலிருந்து பர்மிங்ஹாம் போய்க்கொண்டிருந்த ஏர் இந்தியா விமானம். மிக அருகில் இருந்த விமானத்துக்கும் எம்ஹெச்17-க்கும் இடையிலான தூரம் சுமார் 33 கிலோமீட்டர். சென்னை சென்ட்ரலிலிருந்து தாம்பரம் கொஞ்சம் தாண்டினால் வருகிற தூரம்.

நூல் பிடித்தாற்போல் போக முடியாது

விமானத்தின் பாதையை விமானி முடிவு செய்கிறார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. விமானம் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே, விமான நிறுவனத்தின் அலுவலகத்தில் ஐந்தாறு கணினித் திரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஒருவர் பாதையைப் போட்டு முடித்திருப்பார். அவருக்கு ஃப்ளைட் டிஸ்பாட்சர் என்று பெயர். காற்று, மழை, எடை, எரிபொருள், எந்த நாட்டு வான்வெளி திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, வழியில் அவசரமாக இறங்க எந்த விமான நிலையம் என்று எல்லாவற்றையும் பார்த்து அவர் தயாரிக்கும் திட்டம், பக்கம் பக்கமாக விமானியின் கைக்கு வரும். விமானி அதைப் படித்து ஒப்புக்கொண்டால்தான் விமானம் நகரும். கூடுதல் எரிபொருள் வேண்டும் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. இந்தப் பாதை வேண்டாம் என்று மறுக்கவும் உண்டு.

வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து டெல்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு இழுத்துப் பிடித்துப் பாருங்கள். வடதுருவத்தை ஒட்டி நூல் போகும். அதுதான் குறுக்கு வழி. ஆனால், குறுக்கு வழி எப்போதும் சீக்கிர வழியாக இருப்பதில்லை. ஏர் இந்தியா 2016 அக்டோபரில் தன் டெல்லி–சான்பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லான்டிக் பக்கமிருந்து பசிபிக் பக்கமாக மாற்றியது. பழைய வழி சுமார் 13,900 கிலோமீட்டர், புதிய வழி 15,300. தூரம் 1,400 கிலோமீட்டர் அதிகம். ஆனாலும், போய்ச் சேர ஆகும் நேரம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்தது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று, விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனதுதான் காரணம்.

மலை வந்தால் கணக்கு வேறு. ஐரோப்பாவிலிருந்து தென்கிழக்கு ஆசியாவுக்குப் பறக்கும் விமானங்களைச் செயலியில் பார்ப்பவர்களுக்கு, திபெத்தைச் சுற்றிக்கொண்டு போவது விநோதமாகத் தெரியும். 35,000 அடியில் பறப்பதற்கு எவரெஸ்ட்கூடத் தடை இல்லையே? பறப்பதில் பிரச்னை இல்லை. ஏதாவது ஆகிவிட்டால் இறங்குவதில்தான் பிரச்னை. விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால், தலைக்கு மேலிருந்து மஞ்சள் முகமூடி விழும். அதில் வரும் ஆக்ஸிஜன் பெரும்பாலான விமானங்களில் கால் மணி நேரத்தை ஒட்டித்தான் தாங்கும். அதற்குள் விமானம் 10,000 அடிக்கு இறங்கிவிட வேண்டும். திபெத் பீடபூமியின் சராசரி உயரமே 14,000 அடிக்கு மேல். இறங்க இடமே இல்லை. இரண்டு இன்ஜினில் ஒன்று நின்றுபோனாலும் அதே கதைதான். ஒற்றை இன்ஜினால் அந்த உயரத்தைத் தாங்க முடியாமல் விமானம் மெல்ல மெல்லத் தாழும். எங்கே நின்றால் எந்தப் பள்ளத்தாக்கு வழியாக எந்த ஊருக்குத் தப்பிப்பது என்று முன்கூட்டியே வரைந்து வைத்திருந்தால்தான் அந்தப் பக்கம் போகலாம். அப்படி ஒரு வழி இருக்கிறது. கூடுதல் ஆக்ஸிஜனோடு போகிற விமானங்களும் இருக்கின்றன. பெரும்பாலான நிறுவனங்கள் அந்தச் சிரமமே வேண்டாம் என்று சுற்றிப்போகின்றன.

கடலுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. இரண்டு இன்ஜின் விமானம், வழியில் எங்கே இருந்தாலும் ஒற்றை இன்ஜினில் 60 நிமிடத்துக்குள் ஒரு விமான நிலையத்தை எட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. 1985-ல் அமெரிக்காவின் டிடபிள்யூஏ நிறுவனத்துக்கு அது 120 நிமிடமாக நீட்டப்பட்ட பிறகுதான் இரட்டை இன்ஜின் விமானங்கள் அட்லான்டிக்கை நேராகக் கடக்கத் தொடங்கின. இன்ஜின்கள் மேல் நம்பிக்கை கூடக் கூட அந்த நிமிடங்களும் கூடின. நான்கு இன்ஜின் விமானங்கள் அருகிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

எரிபொருளைத் தளும்பத் தளும்ப நிரப்பிக்கொண்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். எரிபொருளுக்கும் எடை உண்டு. பத்து மணி நேரப் பயணத்தில் கூடுதலாக ஒரு டன் ஏற்றினால், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு டன்னைச் சுமப்பதிலேயே தீர்ந்துபோகும். எடை கூடினால் அதற்கேற்பப் பயணிகளையோ சரக்கையோ குறைக்க வேண்டும். டிஸ்பாட்சரின் மூளையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற தராசு இது. ஒரு தட்டில் பாதுகாப்பு, மறு தட்டில் 'இது கட்டுப்படியாகுமா?'

காற்று, மலை, கடல் ஆகிய மூன்றுக்கும் அளந்து சொல்ல எண்கள் இருக்கின்றன. தரையில் துப்பாக்கியோடு நிற்கும் மனிதனுக்கு மட்டும் எண் இல்லை.

மேலே போனால் பத்திரம்

பல பத்தாண்டுகளாக விமான நிறுவனங்களிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. போர் நடக்கட்டும், உயரத்தில் பறந்தால் ஒன்றும் ஆகாது. அது வெறும் மூடநம்பிக்கை இல்லை. கிளர்ச்சிக் குழுக்களிடம் இருப்பது பெரும்பாலும் தோளில் வைத்துச் சுடும் சிறிய ஏவுகணைகள். அவை சுமார் 15,000 அடிவரைதான் எட்டும். ஏறும்போதும் இறங்கும்போதும்தான் ஆபத்து. 1998 செப்டம்பர் 29-ல் யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய லயன் ஏர் விமானம் மன்னார்க் கடலில் விழுந்து 55 பேரும் இறந்தபோது, தாழப் பறந்த அந்த விமானத்தை ஏவுகணையே வீழ்த்தியதாகக் கருதப்பட்டது. சாலை வழி அடைபட்டு, வேறு வழியில்லாமல் விமானத்தில் ஏறிய தமிழர்களே அதில் அதிகம். 30,000 அடிக்கு மேல் பறப்பவர்களுக்கு அந்தப் பயம் இல்லை. ஆப்கானிஸ்தானுக்கு மேலேயும் ஈராக்குக்கு மேலேயும் போர்க்காலத்திலும் விமானங்கள் போய்க்கொண்டுதான் இருந்தன.

நம்பிக்கையை அசைக்கும் சம்பவங்கள் நடக்காமல் இல்லை. 1983-ல் கொரிய விமானத்தை சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியதில் 269 பேர் இறந்தார்கள். 1988-ல் ஈரான் விமானத்தை அமெரிக்கப் போர்க்கப்பல் வீழ்த்தியதில் 290 பேர். ஆனால், இரண்டையும் செய்தது வல்லரசுகளின் ராணுவம். 'அடையாளம் தெரியாமல் நடந்த தவறு' என்ற கணக்கில் அவை எழுதப்பட்டன. பாதை போடும் மேசைக்கு அவை வந்து சேரவில்லை.

2014-ல் உக்ரைனில் நிலைமை வேறாக மாறிக்கொண்டிருந்தது. மார்ச்சில் கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டது. ஏப்ரலில் அமெரிக்க விமானத்துறை, கிரிமியா வான்வெளிக்குப் போக வேண்டாம் என்று தன் நாட்டு விமானங்களுக்குத் தடை போட்டது. காரணம் ஏவுகணை அல்ல. ஒரே வானத்துக்கு ரஷ்யாவும் உக்ரைனும் தனித்தனியே கட்டளையிட்டால் விமானங்கள் மோதிக்கொள்ளும் என்ற பயம். கிழக்கு உக்ரைன் அந்தத் தடையில் வரவில்லை. அங்கேதான் சண்டை மூண்டது. ராணுவ ஹெலிகாப்டர்களும் விமானங்களும் ஒவ்வொன்றாக விழுந்தன.

ஜூன் 6-ம் தேதி உக்ரைன் அரசு, அந்தப் பகுதியில் 26,000 அடி வரை பயணிகள் விமானங்களுக்குத் தடை போட்டது. ஜூலை 14-ல் ஆன்டனோவ்-26 ரக ராணுவச் சரக்கு விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. அது 21,000 அடிக்கும் மேலே பறந்துகொண்டிருந்ததாக உக்ரைன் அதிகாரிகளே சொன்னார்கள். தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை அங்கே எட்டாது என்பது அவர்களுக்கும் தெரியும். அதைவிடப் பெரிய ஏதோ ஒன்று தரையில் இருக்கிறது. அன்றே தடையின் உயரம் 32,000 அடியாக ஏற்றப்பட்டது. ஏன் என்ற காரணம் அந்த அறிவிப்பில் இல்லை.

அந்த ஒரு வரியைத்தான் உலகமெங்கும் டிஸ்பாட்சர்கள் தங்கள் திரையில் பார்த்தார்கள். 32,000 அடிக்குக் கீழே போகக் கூடாது. சரி, நம் விமானம் 33,000-ல் போகிறது. பிரச்னை இல்லை.

ஆயிரம் அடி. மேம்பாலத்துக்குக் கீழே போகாதே என்று பலகை வைத்துவிட்டு, மேம்பாலத்தின் மேலே போக அனுமதித்த மாதிரி. வானத்தில் 32,000 அடியில் எந்தக் கூரையும் இல்லை. சுடுகிறவனுக்கு அது வெறும் எண்.

யாருடைய வேலை இது?

நெதர்லாந்தின் பாதுகாப்பு ஆணையம் 2015 அக்டோபர் 13-ல் தன் விசாரணை அறிக்கையை வெளியிட்டது. எந்த ஏவுகணை, எங்கே வெடித்தது என்ற பகுதிதான் அன்றைக்குத் தலைப்புச் செய்தி ஆனது. ஆனால், அறிக்கையில் கிட்டத்தட்ட அதே அளவு கவனம் இன்னொரு விஷயத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அந்தப் பாதை ஏன் திறந்திருந்தது?

கிடைத்த பதில், படிக்கிறவர்களைத் தூங்கவிடாத பதில். யாரும் பெரிய தவறு எதையும் 'செய்யவில்லை'. எல்லாரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டார்கள்.

1944-ல் சிகாகோவில் எழுதப்பட்ட உடன்படிக்கைப்படி, ஒரு நாட்டுக்கு மேலே உள்ள வானம் அந்த நாட்டுக்கே சொந்தம். திறப்பதும் மூடுவதும் அதன் முடிவு. உக்ரைனுக்கு முழுவதும் மூடப் போதிய காரணம் இருந்தது, மூடவில்லை என்றது ஆணையம். போரில் இருக்கும் நாடு தன் வானத்தைத் தானே மூடுவது அரிது என்பதையும் அது கவனித்தது. மூடுவது என்பது, நாட்டின் ஒரு மூலை தன் கையில் இல்லை என்று உலகத்தின் முன் ஒப்புக்கொள்வது. கடந்து போகும் ஒவ்வொரு விமானமும் கட்டும் கட்டணமும் நின்றுபோகும். எந்த அரசுக்குத்தான் அது எளிது?

விமான நிறுவனங்கள் பக்கம் போனால், 'திறந்திருக்கிறது என்றால் பாதுகாப்பானது என்றுதானே அர்த்தம்?' என்ற நினைப்பு. ஜூலை 14-க்கும் 17-க்கும் இடையே 32 நாடுகளைச் சேர்ந்த 61 நிறுவனங்களின் விமானங்கள் அந்த வழியே போயிருக்கின்றன. மலேசியா ஏர்லைன்ஸ் மட்டும் அசட்டையாக இருந்தது என்று சொல்ல முடியாது. எல்லாரும் போகிறார்களே என்று ஒவ்வொருவரும் போனார்கள். மற்ற நாடுகளின் அரசுகளோ, கிழக்கு உக்ரைன் சண்டையின் அரசியலைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தச் சண்டைக்கு மேலே தங்கள் குடிமக்கள் பறக்கிறார்கள் என்பதோடு அதை முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. தன் நாட்டு விமானத்துக்கு வேறொரு நாட்டின் வானத்தில் என்ன ஆபத்து என்று பார்க்கும் சட்டக் கடமையும் பெரும்பாலான அரசுகளுக்கு இருக்கவில்லை.

சில நிறுவனங்கள் முன்பே விலகிப் போயிருந்தன என்பதும் உண்மை. ஆஸ்திரேலியாவின் குவான்டாஸும் கொரிய நிறுவனங்களும் சில மாதங்களாகவே அந்தப் பக்கம் போகவில்லை. அவர்கள் அதை யாருக்கும் உரக்கச் சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடே அப்போது இல்லை.

அதன் பிறகு சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, போர்ப் பகுதிகளுக்கு மேலே பறப்பதன் ஆபத்தை எப்படி எடைபோடுவது என்று தனியாக ஒரு கையேடு கொண்டு வந்தது. டிஸ்பாட்சர் கேட்க வேண்டிய கேள்விகள் இப்போது மாறியிருக்கின்றன. கீழே இருப்பவர்களிடம் என்ன ஆயுதம்? அது எவ்வளவு உயரம் எட்டும்? அதை இயக்குபவர்கள் பயிற்சி பெற்ற ராணுவத்தினரா, யாரிடமிருந்தோ வாங்கிக்கொண்டு வந்தவர்களா? பயணிகள் விமானத்தையும் போர் விமானத்தையும் ராடாரில் பிரித்துப் பார்க்க அவர்களால் முடியுமா? அதே வானத்தில் ராணுவ விமானங்கள் பறக்கின்றனவா? நம் விமானம் பழுதாகி அவசரமாகத் தாழ இறங்க வேண்டிவந்தால் எங்கே இறங்கும்? கடைசிக் கேள்வி முக்கியமானது. திபெத்துக்கு மேலே இன்ஜின் நிற்பதற்குப் போடும் அதே கணக்கு, போர்ப் பகுதிக்கும் பொருந்தும்.

கையேடு வந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டதா? 2020 ஜனவரி 8 அதிகாலையில், ஈராக்கிலிருந்த அமெரிக்கத் தளங்கள் மீது ஈரான் ஏவுகணைகளை வீசியது. பதிலடி வரும் என்று ஈரான் ராணுவம் விரலைப் பொத்தானில் வைத்துக் காத்திருந்தது. அதே நேரம் டெஹ்ரான் விமான நிலையம் வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருந்தது. காலை 6 மணி 12 நிமிடத்துக்குக் கிளம்பிய உக்ரைன் நாட்டு விமானம் சில நிமிடங்களில் சுடப்பட்டது. 176 பேர் இறந்தார்கள். அதற்குச் சில மணி நேரம் முன்பே அமெரிக்க விமானத்துறை, அந்த வான்வெளிக்குப் போக வேண்டாம் என்று அறிவித்திருந்தது. ஆனால், அது கட்டுப்படுத்துவது அமெரிக்க நிறுவனங்களை மட்டும்தான். அன்று காலையிலும் ஒன்றன் பின் ஒன்றாக மற்ற விமானங்கள் டெஹ்ரானிலிருந்து கிளம்பிப் போயிருந்தன. 2014-ல் நடந்தது அப்படியே திரும்ப நடந்தது.

2024 டிசம்பர் 25-ல் பாகுவிலிருந்து ரஷ்யாவின் குரோஸ்னி நகருக்குப் போன அஜர்பைஜான் விமானம், இறங்க முடியாமல் காஸ்பியன் கடலைக் கடந்து கஜகஸ்தானில் அக்டாவ் அருகே விழுந்தது. 67 பேரில் 38 பேர் இறந்தார்கள். உக்ரைன் ட்ரோன்களை நோக்கி ஏவப்பட்ட ரஷ்ய ஏவுகணைகள் அந்த விமானத்துக்கு அருகே வெடித்ததை, பத்து மாதங்கள் கழித்து ரஷ்ய அதிபர் புதினே ஒப்புக்கொண்டார்.

சுற்றி வருவதன் விலை

அப்படியென்றால் சந்தேகம் வந்த இடத்தையெல்லாம் மூடிவிட வேண்டியதுதானே? சொல்வது சுலபம். 2022-ல் ரஷ்யா தன் வானத்தை ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடியபோது, ஃபின்லாந்தின் ஃபின்ஏர் நிலைகுலைந்து போனது. ஆசியாவுக்குக் குறுக்கு வழி என்பதை வைத்தே வியாபாரம் செய்துவந்த நிறுவனம் அது. ஒன்பது மணி நேரத்தை ஒட்டிப் போய்ச் சேர்ந்த டோக்கியோவுக்கு, வடதுருவத்தைச் சுற்றி 13 மணி நேரம் ஆனது.

நமக்கு நெருக்கமான உதாரணம் 2025 ஏப்ரல். பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு இந்தியா–பாகிஸ்தான் உறவு முறிந்து, ஏப்ரல் 24-ல் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. சில நாளில் இந்தியாவும் அவர்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் விமானங்கள் தெற்கே இறங்கி, அரபிக்கடலைத் தாண்டிச் சுற்றிப் போயின. ஏர் இந்தியாவின் அமெரிக்க விமானங்கள் சில, வழியில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டி வந்தது. இன்டிகோ, தாஷ்கண்ட், அல்மாட்டி நகரங்களுக்கான சேவையையே நிறுத்தியது. டெல்லியிலிருந்து பார்த்தால் அவை இரண்டும் துபாய் அளவுக்குக்கூட அந்நியமான தூரம் இல்லை. ஆனால், பாகிஸ்தானைச் சுற்றிக்கொண்டு அந்தச் சிறிய விமானங்களால் போய்ச் சேர முடியாது. வரைபடத்தில் ஒரு நாடு கதவைச் சாத்தியதும், பக்கத்து ஊர் எட்டாத ஊராகிவிட்டது.

மூடிய வானங்கள் கூடக் கூட, திறந்திருக்கும் வானத்தில் நெரிசல் கூடுகிறது. ரஷ்யாவும் வேண்டாம், ஈரானும் வேண்டாம் என்றால், ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே ஜார்ஜியா, அஜர்பைஜான் வழியாக ஒரு குறுகிய சந்துதான் மிஞ்சுகிறது. ஆப்கானிஸ்தான் வழியே போகலாம் என்றால், 2021 ஆகஸ்டில் ஆட்சி மாறியபோது அங்கே கட்டுப்பாட்டு அதிகாரிகளே இல்லாமல் போய், தான் எங்கே இருக்கிறேன் என்பதை விமானிகள் ஒருவருக்கொருவர் ரேடியோவில் சொல்லிக்கொண்டு கடக்கும் நிலை வந்தது. போதாக்குறைக்கு, 2023-லிருந்து மேற்கு ஆசியாவில் ஜிபிஎஸ் சமிக்ஞையையே போலியாக அனுப்பி விமானத்தை ஏமாற்றும் தொல்லை வேறு. இருக்கும் இடம் ஒன்று, கருவி காட்டும் இடம் இன்னொன்று. எல்லைக்கோட்டை ஒட்டிப் பறக்கும் விமானத்துக்கு அது எத்தனை பெரிய ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

இதில் டிக்கெட் வாங்குகிற பயணிக்கு என்ன இடம்? பெரிதாக ஒன்றும் இல்லை. எந்த வழியாகப் போகிறோம் என்று டிக்கெட்டில் எழுதியிருப்பதில்லை. போர்ப் பகுதிகளைக் கடக்கும் பாதைகளைப் பற்றி நிறுவனங்கள் பயணிகளுக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நெதர்லாந்து ஆணையம் 2015-லேயே பரிந்துரைத்தது. சாப்பாடு சைவமா அசைவமா என்று கேட்கிற நிறுவனங்கள், இதைச் சொல்வதில் இன்னும் அவ்வளவு ஆர்வம் காட்டவில்லை. செயலிகளின் புண்ணியத்தில், முந்தைய நாட்களில் அதே விமானம் எந்த வழியில் போனது என்று இப்போது யாரும் பார்த்துக்கொள்ளலாம். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு, எந்தெந்த நாட்டு வான்வெளியைத் தவிர்க்க வேண்டும் என்று வெளியிடும் அறிவிப்புகளையும் இணையத்தில் படிக்கலாம்.

எம்ஹெச்17 வழக்கில் 2022 நவம்பர் 17-ல் தீர்ப்பு வந்தது. நெதர்லாந்து நீதிமன்றம் இரண்டு ரஷ்யர்களுக்கும் ஓர் உக்ரைனியருக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. மூவரும் கூண்டில் இல்லை. ரஷ்யா அவர்களை ஒப்படைக்கவும் இல்லை. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், விமானம் வீழ்த்தப்பட்டதற்கு ரஷ்யாவே பொறுப்பு என்றது. ரஷ்யா இன்றுவரை மறுக்கிறது. வான்வெளியை ஏன் திறந்து வைத்தீர்கள் என்று எந்த நீதிமன்றமும் யாரையும் தண்டிக்கவில்லை. 2022 பிப்ரவரி 24-ல் போர் முழுமையாக வெடித்த அன்று, உக்ரைன் தன் வானம் முழுவதையும் பயணிகள் விமானங்களுக்கு மூடியது.

ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபைஃப்ஹைசன் என்ற சிற்றூர் இருக்கிறது. விபத்து நடந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2017 ஜூலை 17-ல் அங்கே ஒரு நினைவுப் பூங்கா திறந்தார்கள். 298 பேருக்கும் ஆளுக்கொரு மரம் என 298 மரங்கள். கூடவே சூரியகாந்திப் பூக்கள். விமானம் சிதறி விழுந்த உக்ரைன் வயல்களில் அன்றைக்குப் பூத்திருந்தது சூரியகாந்திதான். ஜூலையில் போகிறவர்கள் பூவையும் பார்க்கலாம், மரத்தில் எழுதியிருக்கும் பெயரையும் படிக்கலாம். ஸ்கிபோலிலிருந்து கிளம்பும் விமானங்களின் சத்தம் அங்கே நன்றாகக் கேட்கும்.